கறுப்புக் கரை போட்ட கடிதம்

அன்னம்மாள் காலையில் ஆரம்பித்தாள் என்றால், ஏழு மணி ரயில் அம்பத்தூர் ஸ்டேஷனை விட்டுப் போகிறவரை ஓயமாட்டாள். கண்ணில் புரை விழுந்து நாலு வருஷமாகிறது. ஆட்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். அந்தக் குறையை நாக்கு ஈடுகட்டிக்கொண்டிருந்தது.

"பொண்ணுக்குப் பெரியண்ணன் பந்தலுக்குக் கீத்து தேடிகினு ஊரெல்லாம் அலையறான். சின்னவன் இன்னாடான்னா, தபால்காரன் எப்ப வருவான்னு வழியப் பாத்துகினு நிக்கிறான். இவனைக் காலேஜிக்கு அனுப்பிச்சாளே, அந்தப் புண்ணியவதியச் சொல்லணும்."

புண்ணியவதி வாயைத் திறக்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவள்தான் வடிவு, மூத்த மருமகள். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினாலு வருஷம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. புருஷன் கங்காதரனுக்கு ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நிலம். பொழுது விடிந்தால் மண்வெட்டி, அடைந்தால் கட்டில். கொழுந்தன் மணவாளனை எட்டு வயசிலிருந்து தலைவாரி, சோறு போட்டு, திட்டி, கொஞ்சி ஆளாக்கினவள் வடிவுதான். தாய்வீட்டுச் சீராக வந்த இரண்டு கறவை மாடுகளை அவன் காலேஜுக்குச் சம்பளம் கட்ட விற்றபோது, "பால் கறக்கிற வேலை மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே கயிற்றைக் கொடுத்தவள்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண் பூங்காவனத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பூந்தமல்லி. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். அரிசிக்கும் சர்க்கரைக்கும் நடையாய் நடந்து, எப்படியோ பந்தல் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

மணவாளனின் கவலை வேறு. அவன் பட்டணத்தில் பி.காம். கடைசிப் பரீட்சை எழுதி முடித்திருந்தான். "அரைக்காசு சம்பளம்னாலும் அரசாங்கச் சம்பளம்டா. தாலுக்கா ஆபீசுல நம்ம ஒறவுக்காரர் கீறாரு, ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று அன்னம்மாள் ஆறு மாதமாகச் சொல்லிவருகிறாள். அவன் கேட்டால்தானே! அவனுடைய வாத்தியார் ஒருவர், கடைசி வருஷத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஆளுக்கொரு காகிதம் கொடுத்தாராம். "கிடைச்ச நாற்காலியில உட்காராதீங்க. பத்து வருஷம் கழிச்சு எங்கே நிக்கணும்னு முதல்ல எழுதுங்க. அதுக்கு இன்னிக்கு எங்கே கால் வைக்கணும்னு அப்புறம் யோசிங்க" என்றாராம். பாதிப் பேர் பாங்கி குமாஸ்தா என்று எழுதிவிட்டு எழுந்துபோய்விட்டார்கள். மணவாளன் மட்டும் காகிதத்தின் இரண்டு பக்கமும் எழுதினான்.

அதை அவன் படித்துக் காட்டியது வடிவு ஒருத்தியிடம்தான். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஒரு பெரிய கம்பெனியில் சேர வேண்டும். சரக்கு எப்படி வருகிறது, எப்படிக் கெடுகிறது, எப்படி விற்கிறது, யாரை எங்கே வேலைக்கு வைக்கிறார்கள் என்று படிப்படியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பத்தாம் வருஷம் சொந்தமாக ஒரு கம்பெனி. ஏரிக்கரைக் காய்கறி தரகன் கைக்குப் போகாமல் நேராகக் கொத்தவால்சாவடிச் சந்தைக்குப் போகும். விடியற்காலை சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் ஒப்பிப்பான். எழுதப் படிக்கத் தெரியாத வடிவு, நடுவில் அவன் ஒரு வருஷத்தை விட்டுவிட்டால் எடுத்துக்கொடுப்பாள்.

அந்தப் பெரிய கம்பெனிக்கும் எழுதிப் போட்டாயிற்று. கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரக் கம்பெனி. யுத்தத்துக்குப் பிறகு துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறுகிறார்கள். அந்த இடங்களுக்கு நம்மவர்களில் பட்டம் படித்த பிள்ளைகளை எடுத்துப் பழக்கப் போகிறார்களாம். நேரில் வரச்சொல்லி இந்த வாரம் கடிதம் வரவேண்டும். அதற்குத்தான் இவன் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தான்.

நடந்து களைத்து, அண்ணனோடு வண்டி கட்டிக்கொண்டு கீற்று வாங்கப் போனான். அவன் போன அரை நாழிகையில் தபால்காரர் வந்தார். வழக்கமாகத் தெருமுனையிலிருந்தே குரல் கொடுப்பவர், அன்று மாட்டுக் கொட்டகைப் பக்கமாக வந்து, கையால் வடிவைக் கூப்பிட்டார்.

"மணவாளன் பேருக்கு வந்துகீதும்மா. இங்கிலீஷ் விலாசம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கறுப்புக் கரை கட்டிகினு வந்துகீது. கல்யாண ஊட்டுக்குள்ள எடுத்துகினு போவாத தாயி..."

வடிவு வாங்கிப் பார்த்தாள். உறையின் நாலு ஓரத்திலும் விரல் அகலத்துக்குக் கறுப்பு. நல்ல சேதி என்றால் மஞ்சள் தடவி வரும். கறுப்பு என்றால் சாவு. இதற்குப் படிப்பா வேண்டும்?

அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. உலகத்தில் அவளுடைய ரத்தம் என்று மிச்சமிருந்தவன் தம்பி வேம்புலி ஒருவன்தான். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை. அங்கே யாராவது குமாஸ்தாவைப் பிடித்து, வீட்டில் படிக்கத் தெரிந்த மணவாளன் பேருக்கு இங்கிலீஷில் விலாசம் எழுதித்தான் கடிதம் போடுவான். போன மாதம் வந்த கடிதத்தில் நெஞ்சில் கபம், சுரங்கத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தது.

வடிவு கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

பூங்காவனத்துக்குத் தகப்பன் இல்லை, தாய் தாலியறுத்தவள். கன்னிகாதானம் செய்யக் கங்காதரனும் வடிவும்தான் மணையில் உட்கார வேண்டும். அண்ணி செம்பால் நீர் விட, அண்ணன் தங்கையைத் தாரை வார்க்க வேண்டும். வடிவுக்குத் தீட்டு என்றால் அவள் பந்தலுக்குள் கால் வைக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் நாளைத் தள்ளுவார்கள். ஏற்கெனவே இரண்டு முறை தட்டிப்போன பெண். இன்னொரு முறை தள்ளினால் அவ்வளவுதான்.

ஆனால், காதில் விழுந்த பிறகுதான் தீட்டு என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிரிக்காத கடிதம் எதையும் சொல்லவில்லை. யாரும் படிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

அதைக் கொட்டகையின் கீற்று இடுக்கில், வீட்டுக்கு வெளியேயே செருகிவைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுப்பை மறுபடி ஊதினாள். கண் கலங்கினால் புகை என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வசதி அடுப்படியில் மட்டும்தான் உண்டு.

மத்தியானம் மணவாளன் வந்ததும் கேட்டான். "லெட்டர் வந்துச்சா அண்ணி?"

"உனக்கு ஒண்ணும் வரலப்பா" என்றாள் வடிவு. அவள் வரையில் அது சத்தியம்.

கல்யாணம் நடந்தது. வடிவு சிரித்தாள், பந்தி விசாரித்தாள், சம்பந்திகளுக்குச் சந்தனம் நீட்டினாள். முகூர்த்தத்தில் செம்பு நீரை விட்டபோது கை மட்டும் ஒரு தரம் நடுங்கியது. "இன்னாடி?" என்று கங்காதரன் கீழ்க்குரலில் கேட்டான். "செம்பு கனம்" என்றாள். பெண்ணுக்குத் தாய் ஸ்தானம், நடுங்காதா என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை பெண்ணும் மாப்பிள்ளையும் பூந்தமல்லிக்கு வண்டியேறினார்கள். வண்டி ஏரிக்கரை தாண்டுகிறவரை கையாட்டிவிட்டு, வடிவு நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். இனி கேட்கலாம். ஈரத் தலையோடு போய்க் கடிதத்தை எடுத்துவந்து மணவாளன் கையில் கொடுத்தாள். துவைக்கிற கல்லருகே தரையில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

"படிப்பா..."

அவன் பிரித்தான். கண் வரி வரியாக ஓடியது. முகம் வெளுத்தது.

"கம்பெனிக் கடுதாசி அண்ணி" என்றான். "வியாழக்கெழம பதினோரு மணிக்கு நேர்ல வரச் சொல்லி எழுதிகீறாங்க. வியாழக்கெழம... முந்தா நாளு."

"வேற?"

"வேற இன்னா? இதான்."

"இவ்ளோதானா?" என்றாள் வடிவு. மூன்று நாள் மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அவளை அறியாமல் கை கூப்பிக்கொண்டது, முகம் மலர்ந்துவிட்டது. "பெருமாளே... காப்பாத்தினியே..."

மணவாளன் அந்த முகத்தைப் பார்த்தான். அப்படிப் பார்த்ததைப் பின்னால் அவன் வாழ்நாளெல்லாம் மறக்க நினைத்தான்.

"இவ்ளோதானா? எம் பொழப்பே போச்சு, உங்களுக்கு இவ்ளோதானா அண்ணி? இது எப்ப வந்துச்சு?"

அப்போதுதான் வடிவுக்குச் சிரிப்பு உறைந்தது. "பொதங்கெழம..."

"பொதங்கெழம வந்துச்சா? எம் மூஞ்சியப் பாத்து வரலன்னு சொன்னீங்களே..."

சத்தம் கேட்டுக் கங்காதரன் வந்தான். சுவரைத் தடவிக்கொண்டு அன்னம்மாள் வந்தாள். விஷயம் தெரிந்ததும் கேட்க வேண்டுமா?

"ஒளிச்சு வெச்சியா? எதுக்கு? அவன் பெரிய உத்தியோகத்துக்குப் போயிட்டா உங் கை சோத்தை மறந்துடுவான்னா? இங்கியே மண்ணு வெட்டிகினு கெடக்கட்டும்னா? நான் ஆயிரம் திட்டுவேன், எம் புள்ள நல்லாருக்கணும்னுதான் திட்டுவேன். பெத்தவளா இருந்தா இப்படிச் செய்வாளாடி?"

பதினாலு வருஷத்தில் அன்னம்மாள் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். இதை மட்டும் சொன்னதில்லை.

"இன்னாத்துக்கு மறைச்சே? சொல்லு" என்றான் கங்காதரன்.

சொல்ல வாயெடுத்தாள். பூங்காவனத்தின் வண்டி இன்னும் பூந்தமல்லி போய்ச் சேர்ந்திருக்காது. சாவுக் கடிதம் என்று நினைத்துக்கொண்டே அண்ணிக்காரி தாரை வார்த்தாள் என்று நாளைக்கு ஒரு சொல் அங்கே போய்விட்டால்? அது பொய்ச் சாவு என்று யார் கேட்கப் போகிறார்கள்? அந்த வீட்டில் மாடு செத்தாலும், மழை தவறினாலும், அந்தப் பெண்ணின் தலையில்தானே வந்து விடியும்?

"புத்தி கெட்டுப்போச்சுங்க... வேலை மும்முரத்துல வெச்ச எடம் மறந்துட்டேன்" என்றாள் வடிவு.

மணவாளன் கடிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே போனான். அன்றும் மறுநாளும் அவன் சட்டியிலிருந்து தானே சோறு போட்டுக்கொண்டான். வடிவுக்கு அதுதான் தாங்கவில்லை. தான் நட்டு வளர்த்ததைத் தானே வெட்டிவிட்டோமே என்று நினைக்க நினைக்க, தம்பி உயிரோடிருக்கிற சந்தோஷத்தைக்கூட அவளால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஏழு மணி வண்டிக்குப் போனான். கம்பெனிக்காரர்கள் காலில் விழுந்தாவது பார்க்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனான். அண்ணியிடம் சொல்லவில்லை.

பொழுது சாய்கிற நேரம். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வடிவு கிணற்றடியில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரோ எதிரே குந்தினார்கள். மணவாளன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு அண்டாவைத் தன் பக்கம் இழுத்தான்.

"உடுப்பா, சட்டை பாழாப்பூடும்."

அவன் விடவில்லை. தேய்த்துக்கொண்டே பேசினான். "கம்பெனில ஒரு பெரிய குமாஸ்தா கீறாரு அண்ணி. தமிழ்க்காரர். எடமெல்லாம் முடிஞ்சுபோச்சுன்னாரு. பேசிகினு இருக்கும்போது பாத்தா, அவரு மேசை மேல கீற அத்தினி காகிதத்துலயும் கறுப்புக் கரை. இன்னா சார் இதுன்னு கேட்டேன். அவங்க பெரிய தொரை சீமைல செத்துட்டாராம். மூணு மாசத்துக்கு எல்லாக் கடுதாசியும் கறுப்புக் கரைலதான் போவுமாம். அது அவங்க ஊரு வழக்கமாம்."

வடிவின் கை நின்றது.

"எனக்கு அப்பதான் பொறி தட்டுச்சு. சனிக்கெழம அதைக் கையில வெச்சுகினு படிச்சவன் நானு. நாலு வருஷமா பட்டணத்துக் காகிதத்தைப் பாத்துப் பாத்து, நம்ம ஊட்டுல கறுப்புக் கரைன்னா இன்னா அர்த்தம்னே மறந்துட்டேன்." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "வேம்புலி மாமா செத்துட்டாருன்னு நெனச்சீங்களா அண்ணி?"

அவள் அண்டாவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலை மட்டும் அசைந்தது.

"நெனச்சுகினுதான் அத்தினி பேருக்கும் சிரிச்சுகினு சோறு போட்டீங்களா? மணைல உக்காந்தீங்களா?"

"சத்தம் போடாதப்பா" என்று வடிவு அவன் வாயைச் சாம்பல் கையாலேயே பொத்தினாள். "உங் கால்ல உழறேன். யாராண்டயும் சொல்லாத. பூங்காவனம் வாழப்போன எடம். பூந்தமல்லிக்குத் தெரிஞ்சா அவளை உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க. எம் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது. உம் பொழப்பைக் கெடுத்தது நெசந்தானே..."

மணவாளன் அழுதான். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, எட்டு வயசில் அழுத மாதிரியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். வடிவு முந்தானையால் அவன் முகத்துச் சாம்பலைத் துடைத்தாள்.

"கெடுக்கல. ஒரு வேலை கீதுன்றாரு. ஆபீசுல இல்ல. துறைமுகத்துப் பக்கம் கெடங்கு. சரக்கு வர்றது போறதைப் பாத்து எண்ணணும். பட்டம் படிச்சவன் வரமாட்டான், நீ வருவியான்னு கேட்டாரு. நாளைக்குச் சொல்றேன்னு வந்துட்டேன். கூடப் படிச்சவங்க நாற்காலில உக்காருவாங்க, நான் மூட்டை எண்ணிகினு..."

"ஏன் நாளைக்குன்னே?" என்றாள் வடிவு. அவள் குரல் மாறிவிட்டது. பரீட்சைக்குப் படிக்காமல் தூங்குகிறவனை எழுப்புகிற பழைய குரல். "உன் காகிதத்துல மொத வருஷம் இன்னா எழுதின?"

அவன் விழித்தான்.

"மொத வருஷம் கெடங்கு. சரக்கு எங்க கெடுது, எவன் திருடறான், மழை எந்தப் பக்கம் ஒழுவுதுன்னு தெரியாதவன் கம்பெனி நடத்த முடியாது. ரெண்டாவது வருஷம் ஊர் ஊராப் போயி விக்கணும். மூணாவது வருஷம் கணக்கு. நீதான ஒப்பிச்சே? நாற்காலின்னு எந்த வருஷத்துலயும் எழுதலியே. வாத்தியாருக்கு எழுதிக் காட்டறதுக்கு மட்டும் ஒரு ரோசனை, பொழைக்கறதுக்கு ஒரு ரோசனையா?"

மணவாளன் ஈரக் கையால் தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு சிரித்துவிட்டான். "நீங்க எனக்குப் பதிலா பரீட்சை எழுதியிருக்கணும் அண்ணி."

விளக்கு வைத்ததும் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மணவாளன் தட்டை வடிவின் பக்கம் நீட்டி, "போடுங்க அண்ணி" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"அண்ணா, ஒரு விசயம். அந்தக் கடுதாசிய வாங்கினது நான்தான். பொதங்கெழம வண்டி கட்டறதுக்கு முன்ன தெருமுனைல தபால்காரர் கொடுத்தாரு. வேற என்னமோன்னு நெனச்சு, பிரிக்காமயே கொட்டாய்ல செருகிட்டு மறந்துட்டேன். சனிக்கெழம அண்ணி கண்ணுல பட்டுச்சு. அதை எடுத்தாந்து கொடுத்தாங்க. நான் அவங்க மேல பழியைப் போட்டேன். அவங்க என்னைக் காட்டிக்கொடுக்காம தாங்கிக்கினாங்க."

கங்காதரன் கையிலெடுத்த கவளத்தைக் கீழே வைத்தான். "படிச்ச புத்தியாடா இது? பொம்பளையக் கண்ணீர் உட வெச்சுட்டியேடா" என்றான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, "நீயாவது எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றான். அவன் ஆயுசில் மன்னிப்புக் கேட்டது அவ்வளவுதான். வடிவுக்கு அதுவே அதிகம்.

அன்னம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழு மணி வண்டியில் மணவாளன் கிடங்கு வேலைக்குப் போனான். கங்காதரன் ஏர் பூட்டிக்கொண்டு கழனிக்குப் போனான். வடிவு அடுப்படியில் இருந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு அன்னம்மாள் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எம் புள்ளைக்குப் பொய் சொல்ல வராது. கொரல் ஒடையுது" என்றாள்.

வடிவு திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"கல்யாணத்துல ஊரே மல்லிப்பூவா மணத்துச்சு. மூணு நாளும் நீதான் என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிகினு போயி உக்கார வெச்சே. உன்கிட்ட மட்டும் பூ வாசனை இல்ல. முகூர்த்தத்துக்கு வெச்சே, அடுத்த நாழில எடுத்துட்டே. எனக்குக் கண்ணுதானே இல்ல? சுமங்கலி கல்யாண ஊட்டுல பூவை எடுத்தா இன்னா அர்த்தம்னு ராத்திரி பூரா யோசிச்சேன். காத்தால தபால்காரர் குரல் கேட்டுச்சு, வாசல்ல நிறுத்திக் கேட்டேன். கடுதாசி இன்னா கலர்ல வந்துச்சுன்னு அவரு சொல்லிட்டாரு. அவராண்டயும் வாயைத் திறக்காதன்னு சொல்லிகீறேன்."

"அத்த..."

"பெத்தவளா இருந்தா இப்படிச் செய்வாளான்னு கேட்டேன் பாரு." அன்னம்மாள் இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்ந்தாள். "செய்ய மாட்டா. நான் பூங்காவனத்தைப் பெத்தவ. எங் கூடப் பொறந்தவன் பூட்டான்னு தெரிஞ்சா, எம் பொண்ணு கல்யாணம்னும் பாக்காம அந்தப் பந்தல்லியே பொரண்டு அழுதிருப்பேன். என்னால முடியாதும்மா. நீ செஞ்சே. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லி அழுதிருக்கலாமே..."

"சொன்னா உங்க காதுல உழுந்துடும் அத்த. அப்புறம் தீட்டு..."

கிழவியின் கை காற்றில் துழாவி, வடிவின் தலையைக் கண்டுபிடித்து, இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது. பதினாலு வருஷத்தில் அந்த மடி எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று வடிவுக்குத் தெரிந்ததில்லை.

"அழு கண்ணு. இப்ப அழுதா யாருக்கும் தீட்டு இல்ல."

வடிவு அழுதாள். புகை என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லாமல், வாய்விட்டு அழுதாள். அன்னம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.